ஒரு குழைக்காகப் பூட்டிய கதவு

தம்பி,

பண்டாவிடம் நீ சொல்லி அனுப்பிய சேதி கிடைத்தது. உன்மேல் வைத்த வழக்கு முடியும்வரை நான் கம்பளையில் உன் அக்கா வீட்டில் போய் இருந்தால் நல்லது என்றும், ரயில் பயணத்துக்கு நீயே ஒழுங்கு செய்துவிட்டாய் என்றும் சொன்னான். பாவம், உன் கையின்கீழ் வேலை செய்கிறவன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். நான் போகப்போவதில்லை. அதை அவன் வாய்வழியாகவே உனக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் போகமாட்டேன் என்பதை நீ முழுவதும் அறிந்திருக்க வேண்டும். நேரில் வந்தால் அம்மா போட்ட கோப்பியைக் குடித்துவிட்டு நீ வேறு கதை பேசுவாய், நானும் உன் முகத்தைப் பார்த்து விட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இதில் மறைக்க எதுவும் இல்லை. விரும்பினால் உன்னோடு வேலை செய்யும் காவலர்களுக்கும் வாசித்துக் காட்டு. அவர்களுக்கும் இது உதவும்.

அன்று நடந்ததை நான் கண்டபடியே முதலில் எழுதுகிறேன். கோர்ட்டில் நான் சொல்லப்போவது இதுதான், இதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்பதை நீ முன்கூட்டியே தெரிந்துகொள்வது நியாயம். பின்னேரம், மழை தூறிக்கொண்டிருந்தது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் கடை வைத்திருக்கும் சேகு காக்கா, நனைந்துபோன ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு நம் வாசலுக்கு வந்தார். காத்தாயி என்று பெயர் சொன்னாள். இந்தியக் கரையிலிருந்து கடல் கடந்து வந்து, வடக்கு ரோட்டால் மாத்தளை வழியாக நடந்தே வந்த கூட்டத்தைச் சேர்ந்தவள். புசல்லாவையில் ஒரு கோப்பித் தோட்டத்துக்குப் போகிறார்கள். அவள் புருஷன் சின்னான்தான் கூட்டத்துக்கு வழிகாட்டி. "அம்மா, எங்க வீட்டுக்காரரப் புடிச்சு அடைச்சுட்டாங்க. என்னா தப்புன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாங்க. விசாரிக்க எங்க கொண்டு போவாங்கன்னாவது கேட்டுச் சொல்லுங்க" என்றாள். காக்கா என்னைத் தள்ளி அழைத்து, "வாத்தியாரம்மா, காவல்காரரு யாருண்டு நான் இந்தப் புள்ளக்கிச் செல்லல்ல. நீங்களும் இப்பக்கிச் செல்ல வாணாம்" என்று மெல்லச் சொன்னார். கண்டி ஏரிக்கு மேலே அரசாங்கம் ஒதுக்கி வைத்த காட்டுக்குத் தலைமைக் காவலர் நீதான் என்பது இந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

கேட்டு அறிந்தது இவ்வளவுதான். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்கு ஏறும் ரோட்டில், உன் காட்டு மரங்கள் கவிந்து நிற்கும் வளைவுக்கு அவர்கள் வந்திருக்கிறார்கள். சின்னான் எட்டி ஒரு குழை முறித்தான். குழை என்றால் என்ன, இலையோடு கூடிய ஒரு சாண் கொப்பு. அதை மரத்தடியில் வைத்துக் கும்பிட்டான். பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொன்று முறித்து வைத்தார்கள். வடக்கிலிருந்து வரும் வழியெல்லாம் காடு தொடங்குகிற ஒவ்வொரு இடத்திலும் பிள்ளையாருக்கு அப்படித்தான் வைத்து வந்தார்கள், யானை மறிக்காமல் இருக்க. இங்கேயும் இருண்ட மரங்களைக் கண்டதும் இன்னொரு பெருங்காடு தொடங்குகிறது என்று நினைத்துவிட்டார்கள். துரைமாரும் சீமாட்டிகளும் மாலையில் குதிரையேறி உலாவுவதற்காகப் பாதை வெட்டி, இருந்து இளைப்பாற வாங்கு போட்டு வைத்திருக்கும் காடு இது என்று அவர்கள் எப்படி அறிவார்கள்? நீ வந்து விசிலை ஊதினாய், வழிகாட்டியையும் அவன் மூட்டைகளையும் மட்டும் பிடித்து வைத்தாய்.

உனக்கும் இந்த வழக்கம் புதிதல்ல. நாங்கள் கலியாணம் முடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்திலிருந்து வண்டியில் வந்த கதையை உன் ஐயா எத்தனை தரம் சொல்லியிருப்பார். வன்னிக் காட்டின் வாயில் வண்டிக்காரன் இறங்கிக் குழை கட்டியபோது, வேதக்காரராகிய அவரும் பின்னால் இறங்கிப் போய் ஒன்றை முறித்து வைத்துவிட்டு வந்தார். நான் ஒரு மாதிரிப் பார்த்தேன். "என்ன பார்க்கிறீர்? யானை எங்கட ஞானஸ்நானச் சீட்டை வாங்கி வாசிச்சுப்போட்டோ வழி விடப்போகுது?" என்றார். அந்தக் கதைக்கு நீ வயிறு குலுங்கச் சிரிப்பாய். ஆகவே அந்த வளைவில் சின்னான் என்ன செய்தான் என்று உனக்குத் தெரியவில்லை என்று சொல்லாதே. தெரிந்துதான் பிடித்தாய்.

காத்தாயியோடு நான் காட்டுக்கு ஏறி வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மண்வெட்டி முதலான ஆயுதங்கள் வைக்கும் கொட்டிலுக்கு வெளியே பூட்டுத் தொங்கியது. அவர்களுடைய மூட்டைகளைப் பண்டா புல்லில் அவிழ்த்துப் பரப்பியிருந்தான். ஒரு சட்டி, அரிசிப் பொட்டலம், கம்பளி, ஒரு பழைய சேலை. எல்லாவற்றையும் நின்று பார்த்தேன். கத்தியோ கோடரியோ அதில் இல்லை. சாவி உன்னிடம் என்றும், நீ உன் மேலதிகாரித் துரையின் பங்களாவுக்கு அறிக்கை கொடுக்கப் போயிருப்பதாகவும் பண்டா சொன்னான். என்ன குற்றம் என்று கேட்டேன். ஐயாவுக்குத்தான் தெரியும் என்று உன்னைச் சொன்னான். பலகை இடுக்கு வழியாகச் சின்னானோடு பேசினேன். பயந்த குரலாக இருக்கும் என்று நினைத்தேன். "அம்மா, பிள்ளையாருக்குக் கொழ வச்சதுக்கு எனக்குச் செறைங்க. அந்த ஆனமொகத்தானையே வந்து ஜாமீன் குடுக்கச் சொல்லுங்க" என்றான். காத்தாயி சிரித்தாள், சிரித்தபடியே அழுதாள். என் வீட்டுக்கு வரச் சொன்னேன். வரமாட்டேன் என்று கொட்டிலின் தாழ்வாரத்திலேயே சுருண்டுகொண்டாள்.

விடிந்ததும் நான் திரும்பி வந்ததும், நீ பூட்டைத் திறந்து சின்னானைப் பார்த்துக் கையால் 'போ' என்று காட்டியதும், அதன் பிறகு நம் இருவருக்கும் நடந்த பேச்சும் உனக்கு ஞாபகம் இருக்கும். "ஒரு ராத்திரிதானே அம்மா. அடிச்சனா? பட்டினி போட்டனா? பாணும் குடுத்தனான்" என்றாய். ஏன் நீதவானிடம் கொண்டு போகவில்லை என்று கேட்டேன். "கொப்பு முறிச்சதுக்கு நீதவானிட்டையோ? அவர் சிரிப்பார்" என்றாய். "நீதவான் சிரிக்கிற குற்றத்துக்கு நீ ஏன் பூட்டுப் போட்டனீ?" என்று நான் கேட்டதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தப் பதிலைத்தான் இப்போது பொலிஸ் கோர்ட்டு கேட்கிறது.

தம்பி, இந்த வேலையை விட்டுவிடு என்று சொல்ல நான் எழுதவில்லை. அதை முதலில் மனதில் வை. இந்த மலைகளுக்கு நான் வந்த காலத்தில், இப்போது கோப்பி நிற்கும் இடமெல்லாம் காடு. ஒரு தலைமுறைக்குள் மொட்டையாக்கிவிட்டார்கள். இப்போது கோப்பி இலையிலும் நோய் விழுந்து, காடும் இல்லாமல் கோப்பியும் இல்லாமல் சரிவுகள் கிடக்கின்றன. ஊருக்கு மேலே மிஞ்சியிருப்பது அந்த ஒரு காடு. நம் கிணற்றில் தண்ணீர் நிற்பதும் அதனால்தான். அதற்குக் காவல் வேண்டும். கொப்பு முறிப்பது குற்றமென்று சட்டம் சொன்னால் குற்றம்தான், அதைத் தடுப்பது உன் கடமைதான். "இதை முறிக்கக் கூடாது, இது அரசாங்கக் காடு" என்று நீ சொல்லியிருந்தால் அந்த மனிதன் உன்னையும் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பான். அதற்கு மேலும் நடவடிக்கை வேண்டுமென்றால் அதற்கும் வழி இருக்கிறது. அந்த வழி உனக்குத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன், ஏனென்றால் அதை நீ சரியாகச் செய்ததை நானே அறிவேன்.

சென்ற வருடம் ஒரு துரை ஆட்களை மரத்தில் ஏற்றி, பூச்செடிகள் ஒட்டி வளர்ந்த பெரிய கிளைகளையே வெட்டி வீழ்த்தி வண்டியில் கொண்டு போனாரே, அப்போது நீ என்ன செய்தாய்? கிட்டப் போனாய். சலாம் வைத்தாய். பெயரையும் தோட்டத்தையும் கேட்டு எழுதிக்கொண்டாய். அழைப்பாணை அனுப்பும்படி மேலிடத்துக்கு எழுதினாய். அந்தக் கடுதாசி மேசையிலேயே கிடந்து செத்துப்போனது வேறு விஷயம். அந்த ஆத்திரத்தில் நீ அன்றிரவு சாப்பிடவில்லை, எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் நீ செய்த முறை அச்சொட்டாகச் சட்டத்தின் முறை. அதையே சின்னானுக்கு ஏன் செய்யவில்லை? அவனுக்கும் பெயர் இருந்தது. போகும் தோட்டம் இருந்தது, அதை அவன் வாயாலேயே சொன்னான். கூலிக்காரன் ஓடிவிடுவான் என்கிறாய். பெண்சாதியும் சட்டியும் கம்பளியுமாக ஒரு கூட்டத்தை நடத்திக்கொண்டு வருகிறவன் எங்கே ஓடுவான்? துரைக்கு ஒரு சட்டம், கூலிக்கு ஒரு சட்டம் என்று எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. அந்த இரண்டாவது சட்டத்தை அந்த வளைவில் நின்று நீயே இயற்றினாய்.

உன் ஐயா கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக நின்ற காலத்தில், வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே அன்றைய வழக்கைச் சொல்லத் தொடங்கிவிடுவார். அதில் ஒன்றை உனக்குச் சொல்கிறேன், நீ அப்போது சிறுவன். கோப்பிப் பழம் களவு போகிறது என்று ஒரு கான்ஸ்டபிள் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்குள் நுழைந்து, பிடியாணையும் இல்லாமல் சோதனைச் சீட்டும் இல்லாமல் பெண்களின் பெட்டிகளைக் கவிழ்த்துத் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை. லயத்து ஆட்கள் வழக்கு வைத்தார்கள். கான்ஸ்டபிள் கூண்டில் நின்று தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டி, இது ராணியாரின் பொத்தான் என்றான். மேலதிகாரிதான் போகச் சொன்னார் என்றான். அந்த மேலதிகாரியோ அன்று காலை ரயிலில் கொழும்புக்குப் போய்விட்டார். நீதவான் என்ன சொன்னார் என்று கேட்டதற்கு உன் ஐயா சொன்ன விளக்கம் எனக்கு இன்றைக்கும் பாடம். "ராணியார் பிழை செய்யச் சொல்லி ஒருத்தருக்கும் அதிகாரம் குடுக்கிறேல்லை. சட்டம் காட்டின அளவுக்கு மேலே கை நீண்டால், நீண்ட அந்தத் துண்டு ராணியாரின்ர கை இல்லை. அது அந்த ஆளின்ர சொந்தக் கை. வழக்கும் அந்தக் கைக்குத்தான்." ராணியார்மேல் அந்தக் கூலிகள் வழக்கு வைக்க முடியாது. அதனால்தான் பொத்தானுக்குப் பின்னால் நிற்கும் மனிதன் தன் பெயரில், தன் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உன் மார்பில் இருக்கும் பித்தளை வில்லைக்கும் இதே கணக்குத்தான். வில்லை கோர்ட்டுக்கு வராது, நீதான் வருவாய்.

பள்ளிக்கூடத்தில் நான் இதை வேறு விதமாகப் படித்தேன். வகுப்பை விட்டு வெளியே போகும்போது கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றைச் சட்டாம்பிள்ளையாக வைத்து, பேசுகிறவர்களின் பெயரைப் பலகையில் எழுது என்று சொல்லிப் போவேன். ஒரு நாள் திரும்பி வந்து பார்த்தால், பலகையில் பெயரே இல்லை, ஒரு சின்னப் பெண் மட்டும் மூலையில் முழங்காலில் நிற்கிறாள். ஏன் எழுதவில்லை என்று சட்டாம்பிள்ளையைக் கேட்டேன். எழுதினால் நீங்கள் விசாரிப்பீர்கள், முழங்காலில் விட்டால் உடனே அடங்கிவிடுகிறாள் என்றாள். நல்ல பிள்ளைதான், பொய்யும் சொல்லவில்லை. எழுதுவது அவள் வேலை, தண்டிப்பது என் வேலை. இரண்டையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டாள், ஏனென்றால் அது சுலபம். நீ செய்ததும் அதுதான். பிடித்தவனும் நீ, விசாரித்தவனும் நீ, தீர்ப்புச் சொல்லிச் சிறை வைத்தவனும் நீ. காவலனையும் நீதவானையும் வேறு வேறு கட்டிடத்தில் வைத்திருப்பது நடந்து களைக்கட்டும் என்பதற்காக அல்ல. காயம் இல்லையே என்கிறாய். காயம் இருந்தால்தான் குற்றமா? ஒரு மனிதன் போக விரும்பும்போது போகவிடாமல் சட்டமில்லாமல் கதவைப் பூட்டினால், குற்றம் அந்தப் பூட்டிலேயே முடிந்துவிட்டது. நீ கொடுத்த பாண் அதைத் திறக்காது.

இந்தப் புதுக் கூலிப் பெண்ணுக்குக் கோர்ட்டு வாசலைக் காட்டியது யார் என்று நீ ஊரெல்லாம் விசாரிப்பதாகக் கேள்விப்பட்டேன். சேகு காக்காமேல் சந்தேகப்பட்டு, அவர் கடைக்குக் காட்டு விறகு எடுக்கும் அனுமதியை நிறுத்தப்போவதாகப் பண்டாவிடம் சொன்னாயாம். அவரை விடு. காட்டியது நான். நீ சின்னானுக்குக் கைகாட்டிப் போகச் சொன்ன அதே காலையில், ரோட்டு வளைவில் வைத்து காத்தாயி என்னைக் கேட்டாள். "நாங்க போயிடுறோம்மா. ஆனா நாளைக்கு நம்ம ஊரு ஆளுக இன்னும் வருவாங்க. அவங்களையும் இப்பிடித்தான் அடைப்பாங்களா?" அதற்கு என்னிடம் இரண்டு பதில்தான் இருந்தது. ஆம் என்று சொல்ல வேண்டும், அல்லது கோர்ட்டுக்கு வழி சொல்ல வேண்டும். வழி சொன்னேன். அந்தக் காவலர் என் மகன் என்பதையும் அங்கேயே சொன்னேன். அவள் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தாள். பிறகு, "அப்ப வேணாம்மா" என்றாள். என் பொருட்டு விட்டுவிடப் பார்த்தாள், தம்பி. வேண்டும் என்று நான்தான் சொன்னேன். இதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, மனமாற்றம் இல்லை.

இனி உன் பிரக்கிராசி சொல்லிக் கொடுத்திருக்கும் கதைக்கு வருகிறேன். வழக்குப் பேசும் மனிதர், அவருக்கு வெல்ல வேண்டும். சின்னான் காட்டுக்குள்ளே நுழைந்து கத்தியால் இளமரம் வெட்டினான் என்றும், கத்தியோடு பிடித்தேன் என்றும் நீ சொல்ல வேண்டும், பண்டா ஆமாம் போட வேண்டும், உன் துரை பின்னால் நிற்பார் என்று ஏற்பாடு. இதைப் பண்டா எனக்குச் சொல்லவில்லை, நான் கேட்டபோது அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை, அவ்வளவுதான். மூட்டை அவிழ்ந்து கிடந்ததைக் கண்ட வெளியாள் நான் ஒருத்திதான். அதனால்தான் கம்பளைப் பயணம்.

உனக்கு இதில் இருக்கும் ஆபத்தை உன் ஐயாவின் இடத்தில் நின்று சொல்கிறேன், கேள். நல்லெண்ணத்தோடு, தனக்கு அதிகாரம் உண்டென்று மெய்யாகவே நம்பிப் பிழை செய்த உத்தியோகத்தனைச் சட்டம் இரக்கத்தோடு பார்க்கும். அந்த இரக்கம்தான் உனக்கு இருக்கும் ஒரே குடை. "எனக்கு அடைத்து வைக்க அதிகாரம் உண்டென்று நினைத்தேன், பிழை என்று இப்போது அறிகிறேன்" என்று நீ சொன்னால், நீதவான் கண்டிக்கலாம், அபராதம் போடலாம், துரை உன்னைக் கொஞ்சக் காலம் வேலையிலிருந்து நிறுத்தியும் வைக்கலாம். அதெல்லாம் கடந்து போகும். ஆனால் இல்லாத கத்தி ஒன்றை நீ கோர்ட்டுக்குக் கொண்டு வந்த அந்தக் கணமே நல்லெண்ணம் போய்விடும். தன் செயல் சரியென்று நம்பியவன் கத்தி தேடமாட்டான் என்று எந்த நீதவானுக்கும் விளங்கும். ஓர் இரவுப் பூட்டுக்காக நின்ற நீ, பொய்ச் சத்தியத்துக்காக நிற்பாய். அதோடு அந்தக் கத்தி சின்னானின் கையில்தான் வைக்கப்படும். குழை வைத்தவன் மரம் வெட்டியவனாகி மறியலுக்குப் போய்ச் சிறையில் கிடப்பான். பண்டாவையும் இழுத்துக்கொண்டு விழுவாய், அவனுக்கு நாலு பிள்ளைகள். துரை பின்னால் நிற்பார் என்பதை நம்பாதே. பின்னால் நிற்கிறவருக்கு விலகிப் போவது சுலபம்.

நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன். வழக்குத் தினத்தில் நேரத்தோடு புறப்பட்டு, கோர்ட்டு விறாந்தையில் காத்தாயியோடு இருப்பேன். எனக்கு முன்னால் நீ பேச வேண்டும் என்று விரும்புகிறேன். உன் பிரக்கிராசியிடம் இன்றைக்கே போய், கத்திக் கதை வேண்டாம், நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன் என்று சொல். அப்படிச் சொன்னால் என் சாட்சியத்துக்கே தேவை வராது. நான் பேசாமல் எழும்பி வந்து உன்னோடு வீட்டுக்கு நடப்பேன். பிறகு மேலிடத்துக்குச் சேர்ந்து எழுதுவோம். காவலர்களுக்கு எதுவரை அதிகாரம், எவ்வளவு நேரத்துக்குள் நீதவானிடம் கொண்டு போக வேண்டும் என்பதை மூன்று மொழியிலும் எழுதிக் கொட்டிலின் கதவில் ஒட்டச் சொல்வோம். தமிழில் நான் எழுதித் தருகிறேன். அந்தக் காட்டுக்கு நீதான் காவலனாக இருக்க வேண்டும். இதைக் கடந்து வந்தவனைவிட அதற்குத் தகுந்த ஆள் இந்தக் கண்டியில் இல்லை.

நீ அப்படிச் செய்யாவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள், நான் சாட்சிக் கூண்டில் ஏறுவேன். வேதப் புத்தகத்தில் கை வைத்த பிறகு, உன் பிரக்கிராசி எழும்பி முதலாவதாகக் கேட்கப்போவது, இந்த வழக்கின் எதிரி உமக்கு என்ன முறை என்று. என்னைத் தடுமாற வைக்க அவருக்கு அதைவிட நல்ல கேள்வி கிடையாது. நான் தடுமாறமாட்டேன். என் மகன் என்று சொல்வேன். அதற்கு அடுத்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்வேன். அந்த முதல் பதிலை எந்தக் குரலில் சொல்லப்போகிறேன் என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியாது. அதை நீதான் தீர்மானிக்க வேண்டும்.

அம்மா